வார்டு வாசலில் வைத்த பேசின்

முப்பது ஆண்டுகள் நோயாளிகளின் தலைமாட்டில் நின்றே காலம் கழித்து, இன்றைக்குத்தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விழாத் தலைவர், தலைமைச் செவிலியர் கமர் ஜஹான் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் பேச்சுக்கு மிச்சம் வைத்த பெரியோர்களே! கைப்பையில் கட்டுச்சோறும் நெஞ்சில் பொறுமையும் கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாளைக்கு நர்ஸ் உடுப்பு உடுத்தப் போகிற நம் வீட்டுப் பிள்ளைகளே! ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டிப் பார்த்து, மூன்றாம் முறை என்னையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போன தம்பியே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சவரிநாதனின் கைகூப்பு.

ஆஸ்பத்திரிக்குப் புதுக் குழாய் திறக்கிற விழாவில், கை கழுவுவதைப் பற்றிப் பேச ஒரு கிழவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன், கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவன், இங்கே என்ன பேசுவான் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் ஏடு பிடிக்காத கைக்கு ஆண்டவன் நினைவைக் கொடுத்தான். இந்த ஊரில் மேடை போட்ட இடமெல்லாம் நின்று கேட்டவன் நான். என் தமிழ் காதால் படித்த தமிழ். பிழை இருந்தால் பேசினவர்கள் பிழை!

எனக்கு வருஷத்தை எண்ணில் சொல்ல வராது. நடந்ததை வைத்துத்தான் சொல்வேன். கோரையாறு கரையை உடைத்துக்கொண்டு திருச்சிக்குள் புகுந்ததே, அந்த வெள்ளம் வடிந்த மூன்றாவது வருஷம். ஸ்ரீரங்கத்தில் மொட்டையாக நின்ற தெற்குக் கோபுரத்தின் மேலே சாரம் கட்டி நிலை நிலையாக எழுப்பிக்கொண்டிருந்த சமயம். மாசி மாதம், சனிக்கிழமை, பட்டப்பகலில் சூரியனை மறைத்த பெரிய கிரகணம். ஓட்டல்கள் அடைத்துவிட்டார்கள், பஸ்கள் காலியாக ஓடின, நாய்கூடத் தெருவில் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. அந்த வருஷம்!

என்ன? எண்பதா? ஆமாம், எண்பது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்கு நன்றி. எண் உங்களுடையது, கதை என்னுடையது.

அப்போது நான் திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆள். பேரைச் சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்பத்திரியும் இன்று இல்லை, அந்தக் கட்டடமும் இல்லை. ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். வாசலில் ஓர் இரும்பு ஸ்டாண்டு. அதன்மேல் வெள்ளை எனாமல் பேசின். பேசினில் லோஷன் கலந்த தண்ணீர். பக்கத்தில் ஒரு துண்டு. ஒன்றே ஒன்று. டாக்டர் வருவார், கையை நனைப்பார், துண்டில் துடைப்பார், உள்ளே போவார். நர்ஸ் வருவார், நனைப்பார், துடைப்பார், போவார். ரவுண்ட்ஸ் நடக்கும்போது அந்தப் பேசினைத் தூக்கிக்கொண்டு டாக்டருக்குப் பின்னாலேயே கட்டில் கட்டிலாகப் போவது யார்? இந்தச் சவரிநாதன்தான்!

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்கள் கோயில்களில், மாதா கோயிலைச் சொல்கிறேன், வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கும். உள்ளே நுழைகிறவர் விரல்நுனியை அதில் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போவார். பிறந்தது முதல் பழகின கை. ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பாத்திரம், அதிலும் மருந்துத் தண்ணீர் என்றால் அந்தக் கை என்ன செய்யும்? விரல்நுனியைத்தான் தொடும்! ஒரு காலையில் செல்வமேரி நர்ஸ் அவசரமாக வந்து, பேசினில் விரலைத் தொட்டு, நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பாதிச் சிலுவையும் போட்டுவிட்டார். "என்ன சிஸ்டர், பூசைக்கு வந்தீங்களா, டியூட்டிக்கு வந்தீங்களா?" என்று கேட்டேன். "உங்க வேலையப் பாருங்கண்ணே!" என்று வெட்கப்பட்டுக்கொண்டு ஓடினார்.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்பு கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அந்த வார்டில் நான்கு பேருக்குச் சிறுநீர் இறங்க டியூப் போட்டிருந்தது. நாலாம் கட்டிலில் மருங்காபுரியிலிருந்து வந்த சின்னையன். ஒன்பதாம் கட்டிலில் துவாக்குடிப் பட்டறைத் தொழிலாளி பிச்சமுத்து. இரண்டாம் கட்டிலில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து வந்த சடகோபன், ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாம் கட்டிலில் திருவெள்ளறையைச் சேர்ந்த அழகிரி. இருபத்தாறு வயசு. புளி உலுக்க மரமேறி, கிளை முறிந்து விழுந்து, இடுப்பெலும்பு விட்டுப்போன பையன். கூடவே மனைவி வள்ளிக்கண்ணு. கல்யாணமாகி ஒன்பது மாதம். கட்டிலுக்குக் கீழே ஒரு பாய், ஒரு வெண்கலச் சொம்பு, ஒரு மாற்றுச் சேலை. அவள் குடித்தனம் அவ்வளவுதான்.

முதலில் சின்னையனுக்குக் குளிர் வந்தது. கட்டில் ஆட ஆடக் குளிர். ஆறாம் நாள் போய்விட்டார். அவர் முகத்தைக் கடைசியாகத் துடைத்தவன் நான். பிறகு பிச்சமுத்துவுக்குக் குளிர். கிரகணம் முடிந்த மூன்றாம் நாள், அழகிரிக்கும் அதே குளிர், அதே காய்ச்சல், அதே பிதற்றல்.

வார்டே பேசியது. "கிரகணத்தன்னிக்கு ஜன்னலைச் சாத்தலீங்க, நிழல் உள்ள விழுந்திருச்சு" என்றார் ஒருவர். "நிழல் விழுந்தா பன்னெண்டு பேருக்குமில்ல வரணும்? டியூப் போட்டவனைத் தேடிப் பிடிச்சு விழுமா?" என்றார் இன்னொருவர். கொசு என்றார்கள், கஞ்சி என்றார்கள், கட்டில் ராசி என்றார்கள். வள்ளிக்கண்ணு யாரிடமும் வாதாடவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள். "இவரு பொழைச்சுக்குவாரா?"

பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர் விக்டர். நல்ல மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர். ஊசி மாற்றிப் பார்த்தார், மாத்திரை மாற்றிப் பார்த்தார், காய்ச்சல் மட்டும் மாறவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"சவரி, பழைய சார்ட்டெல்லாம் கட்டி வச்சுட்டாங்க. உனக்குத்தான் எல்லாம் தலைக்குள்ள இருக்குமே. எந்தக் கட்டிலுக்கு என்னிக்கு டியூப் போட்டோம், என்னிக்குக் குளிர் வந்துச்சு, வரிசையாச் சொல்லு."

சொன்னேன். நாலுக்குப் போட்டது தைப்பூசத்துக்கு முந்தின நாள். குளிர் வந்தது வெள்ளிக்கிழமை, மீன்காரம்மா கூடை கவிழ்த்த அன்று. ஒன்பதுக்குப் போட்டது லூர்து மாதா திருநாளன்று. ஏழுக்குப் போட்டது கிரகணத்துக்கு முதல் நாள். ஒப்பித்துக்கொண்டே வந்தவன், நானே நின்றுவிட்டேன்.

"சார், ரெண்டாம் நம்பருக்கும் டியூப் இருக்கே. இருபத்திரெண்டு நாளாச்சு. அவருக்கு ஏன் சார் வரல?"

ஏன்? ஏன்? ஏன்? அந்த ஒரு கேள்வி இருக்கிறதே, அதுதான் இன்றைக்கு என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்த கேள்வி! ஒரே வார்டு, ஒரே டியூப், ஒரே டாக்டர், ஒரே நர்ஸ். மற்றவர்களெல்லாம் இளவட்டம், நடுவயசு. இவருக்கு எழுபத்தொன்று. காய்ச்சல் கிழவரை விட்டுவிட்டு வாலிபனைப் பிடிக்குமா?

மேடை ஓரத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. சீக்கிரம் முடிக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே! தொடர்கிறேன்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். டாக்டர் முன்னால், பேசினோடு நான் பின்னால். இரண்டாம் கட்டிலை நெருங்கினோம். சடகோபன் கையை உயர்த்தினார், ரயிலை நிறுத்துகிற மாதிரி.

"டாக்டர்வாள், அங்கேயே நில்லுங்கோ! நின்ன ஜலத்துல கையை முக்கிண்டு என்னைத் தொடப்படாது. குழாயடிக்குப் போய், ஓடற ஜலத்துல சோப்பு போட்டு அலம்பிண்டு வாங்கோ. நான் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டேன், என்னைத்தான் குழாய் வச்சுக் கட்டிப் போட்டிருக்கேளே!"

தினமும் நடக்கிற கூத்து இது. யாரையும் விட மாட்டார். பெரிய சிஸ்டர் வந்தாலும் குழாயடி. கூடவே தினமும் இன்னொரு கேள்வி: "இன்னிக்காவது இதை எடுத்துடலாமோன்னோ? இன்னும் ஏன் வேணும்னு ஒரு காரணம் சொல்லுங்கோ, வாயை மூடிண்டுடறேன்." வார்டே அவரைக் கேலி செய்யும். நான் அதிகமாகவே செய்வேன். ஏனென்றால் என்னை அவர் தன் கூஜாவைத் தொட விட்டதில்லை. அந்த வலி எனக்கு உண்டு. அதை இந்த மேடையில் பூசி மெழுக மாட்டேன். யார் தொடுகிறார்கள் என்பது அவர் கவலை. கிருமிக்கு அந்தக் கவலை கிடையாது! ஆனால் டாக்டர் கையையும் சேர்த்துக் குழாயடிக்கு அனுப்பினார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருந்தது.

அன்றும் டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே வார்டுக் கோடிக்குப் போனார். அலம்பினார். திரும்பி நடந்தவர் பாதி வழியில் நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கண் என் பேசினைப் பார்க்கிறது.

"சவரி, இந்தத் தண்ணிய எப்ப மாத்தின?"

நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "மாத்துறதா? மாத்தவே மாட்டேன் சார். குறையக் குறைய மேல ஊத்தி நெறப்பிடுவேன். ஒரு சொட்டு வீணாக்கினதில்ல."

"எத்தனை நாளா?"

"கிறிஸ்துமஸ்லேருந்து சார்."

செல்வமேரி சிரிக்க ஆரம்பித்தார். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் செத்துப்போனது.

"ஏன் கொட்டல?" என்று கேட்டார். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தீர்த்தத்தைச் சாக்கடையில கொட்டுவாங்களா சார்?" என்றேன்.

தாய்மார்களே, சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயிலில் தீர்த்தத் தொட்டி நிரப்பியவன் நான். மந்திரித்த தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்த கை இது. அந்தக் கைக்குப் பேசினும் தொட்டியும் ஒன்றாகத் தெரிந்தது. மருந்து கலந்த தண்ணீரில் எந்த அழுக்கும் தங்காது என்று நம்பினேன். நான் மட்டுமா நம்பினேன்? படித்த டாக்டரும் நம்பினார், பயிற்சி பெற்ற நர்ஸும் நம்பினார். பக்தியோடு பாதுகாத்தோம் ஐயா, பக்தியோடு பாதுகாத்தோம்!

லேபில் நசுருதீன் என்று ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. டாக்டர் சொல்லிப் பேசின் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்தார். பிச்சமுத்துவின் சிறுநீர் ஒரு சொட்டு, அழகிரியின் சிறுநீர் ஒரு சொட்டு, சடகோபனுடையது ஒரு சொட்டு. நான்கையும் நான்கு கண்ணாடித் தட்டில் தடவி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். இரண்டு நாள் காத்திருக்க வேண்டும் என்றார். அந்த இரண்டு நாளும் வள்ளிக்கண்ணு சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை ஜன்னலோரம் தட்டுகளை அடுக்கி வைத்தார். பிச்சமுத்து தட்டு பச்சை. அழகிரி தட்டு பச்சை. சடகோபன் தட்டு, கழுவி வைத்த கண்ணாடி மாதிரி வெறுமை. கடைசித் தட்டைத் தள்ளி வைத்தார். பேசின் தட்டு. பாசி படர்ந்த குளம் போலப் பச்சை!

"எல்லாம் ஒரே குடும்பம் அண்ணே," என்றார் நசுருதீன், தலை நிமிராமல். "பேசின்தான் தாய்வீடு. உங்க லோஷனைக் குடிச்சே வளந்திருக்கு."

நான் நேரே வார்டுக்குப் போய், பேசினைத் தூக்கிக் குழாயடியில் கவிழ்த்தேன். அடியில் கொழகொழவென்று ஒரு படலம், விரலால் வழிக்கிற அளவுக்கு. ஸ்டாண்டில் தொங்கிய துண்டைப் பார்த்தேன். சின்னையன் முகத்தைக் கடைசியாகத் துடைத்த துண்டு அது.

அவர் செத்ததற்கு அது ஒன்றுதான் காரணமா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுகிறேன்.

பேசின் போய்விட்டது. குழாய் வந்ததா? அதுதான் இல்லை! வார்டுக்கு ஒரே ஒரு குழாய், காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். மற்ற நேரத்தில் ஒருவர் ஊற்றினால்தான் இன்னொருவர் கழுவலாம். யார் ஊற்றுவது? செல்வமேரி வள்ளிக்கண்ணுவின் பக்கத்தில் குந்தி, மறைக்காமல் சொன்னார். "அம்மா, நோய் எங்க கையிலதான் வந்திருக்கு. பிச்சமுத்து அண்ணனுக்கு நான் பாத்துக்கறேன். உன் வீட்டுக்காரரை யார் தொட வந்தாலும் நீ கையைப் பாரு."

அவ்வளவுதான். வள்ளிக்கண்ணு எழுந்தாள். பாயைச் சுருட்டினாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். கட்டில் காலடியில் சோப்புக் கட்டியும் சொம்புமாக நின்றுவிட்டாள். யார் வந்தாலும் ஒரே வார்த்தை. "கையைக் காட்டுங்க." விரலிடுக்கு, கட்டைவிரல் அடி, நகக்கண், எல்லாம் நுரைத்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவாள். அதுவரை சொம்பு சாயாது.

வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் பார்க்க வந்தார். பேர் வேண்டாம். கோட்டும் கைக்கடிகாரமுமாக நேரே கட்டிலுக்குப் போனார். குறுக்கே வந்து நின்றது சொம்பு.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியுங்க. கை கழுவாதவரு."

அப்போது டாக்டர் விக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டு, இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினார். அவள் ஊற்றினாள். பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரும் கடிகாரத்தைக் கழற்றினார்.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் இன்னும் அழகிரிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

அன்று மாலை இரண்டாம் கட்டிலிலிருந்து ஒரு குரல். "ஏழாம் நம்பர்! அந்தக் குழாய் இன்னும் எதுக்குன்னு கேட்டேளா? நான் கேட்டுக் கேட்டு எனக்கு நாளைக்கு எடுக்கறா. கேக்காதவாளுக்கு யார் எடுப்பா?" டாக்டரைக் கேள்வி கேட்கலாம் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மறுநாள் கேட்டாள். டாக்டர் யோசித்தார். இரண்டு நாளுக்கு முன்பே எடுத்திருக்கலாம், யாரும் நினைக்கவில்லை! எடுத்தார். தட்டில் வளர்ந்த கிருமிக்கு ஏற்ற மருந்தும் கொடுத்தார். மூன்றாம் நாள் விடிகாலையில் அழகிரியின் நெற்றி வியர்த்தது. "வள்ளி, பசிக்குது" என்றான். அவள் அழவில்லை. அவனுக்குக் கஞ்சி ஊட்டுவதற்கு முன்னால், தன் கையைக் கழுவினாள்.

பிச்சமுத்துவும் பிழைத்து, சித்திரை பிறப்பதற்குள் பட்டறைக்குத் திரும்பினார். அழகிரிக்குப் பசித்த அன்று மத்தியானம் சடகோபன் என்னைக் கூப்பிட்டார். கூஜாவைக் காட்டினார். "அலம்பிட்டியோன்னோ? அப்போ நீயே குடு." குடித்தார். இத்தனை நாளில் முதல் முறை.

செவிலியர் பிள்ளைகளே! இன்றைக்குக் கட்டிலுக்குக் கட்டில் மருந்துக் குப்பி தொங்குகிறது. குழாய் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. பெட்டி பெட்டியாகக் கையுறை இருக்கிறது. ஆனால் ஒரு நோயாளியைத் தொட்ட கை அடுத்த நோயாளியைத் தொடுவதற்கு நடுவில் இருக்கிறதே மூன்றடி தூரம், அந்த மூன்றடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அதை யார் பார்க்கிறார்கள்? கையுறை போட்டால் கழுவ வேண்டாம் என்று யார் சொன்னது? காலியான குப்பியைக் கழுவாமல் மேலேயே ஊற்றி நிரப்புகிற சவரிநாதன் இன்றைக்கும் ஏதோ ஒரு வார்டில் இருப்பானா, மாட்டானா? தேடுங்கள் அவனை! திட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். சிறுநீர்ப் பை தரையில் கிடந்தால் தூக்கிக் கட்டுங்கள். ஆனால் படுக்கைக்கு மேலே தூக்காதீர்கள். டியூப்பைத் தொடுமுன் கழுவுங்கள், தொட்டபின் கழுவுங்கள். காலையில் கட்டிலருகே போனதும், "இது இன்னும் வேண்டுமா?" என்று அந்த ஸ்ரீரங்கத்துக் கிழவர் மாதிரிக் கேளுங்கள். நோயாளி, "கையைக் காட்டுங்க" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். முகம் சுளிக்காமல் நீட்டுகிற கையே என் கண்ணுக்கு மருத்துவம்!

என்னைப் பேச அழைத்தவர்களுக்கும், சீட்டு அனுப்பியும் பொறுத்துக்கொண்டவர்களுக்கும், புழுக்கத்தில் விசிறிக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் இப்போதே என் வணக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது பேர்கள் மட்டும்.

சடகோபன், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் கும்பாபிஷேகம் கண்டுவிட்டு, அதே வருஷம் போனார். பிச்சமுத்து, சுனாமி வந்த வருஷம். டாக்டர் விக்டர் போய்ப் பதினெட்டு வருஷம். நசுருதீன், மகள் வீட்டில், ஒரு ரமலான் மாதத்தில். அழகிரி, அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் உழுது, விதைத்து, பேரன் எடுத்து, படுக்கையில் விழாமல் போனார். செல்வமேரி, போன பங்குனியில்.

இந்தப் புதுக் குழாய் வரிசைக்கு ரிப்பன் வெட்ட வேறொருவர் பேர் அழைப்பிதழில் இருப்பதாகப் படித்துச் சொன்னார்கள். தலைவர் அவர்களே, கத்தரிக்கோலை அவரிடமே கொடுங்கள். ஆனால் வெட்டுமுன், கையைக் காட்டச் சொல்லுங்கள். ஊற்றுவதற்கு ஆள் வந்திருக்கிறது. மூன்றாவது வரிசையில், தூணோரம், மடியில் வெண்கலச் சொம்போடு உட்கார்ந்திருக்கிறார். அந்த வார்டில் அன்று நின்றவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்: திருவெள்ளறை வள்ளிக்கண்ணு.